பத்தரை மணிக் கையெழுத்து

பட்டறை அலமாரியில் 2019-ஆம் வருஷத்து வருகை நோட்டு ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு பையனின் பெயருக்கு நேரே பத்தொன்பது கட்டங்கள்தான் நிரம்பியிருக்கும், அதிலும் பாதிக்கு மேல் 'அரை' என்று எழுதியிருக்கும். கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், "கணக்கு முடிந்தது".

திருநெல்வேலி பேட்டையில் எங்கள் பட்டறை. கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, ஷெட்டு வேலை எல்லாம் செய்வோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். அந்தப் பையனுக்கு அப்போது இருபது வயது. அவன் அம்மா பீடி சுற்றுபவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒருநாள் சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "தம்பி, இவன் ஒரு அடிதடி கேஸுல உள்ள போயிட்டு வந்திருக்கான், நீங்க கொஞ்சம் கூட வச்சுக்கிட்டா திருந்திருவான்" என்றார். பாளையங்கோட்டையில் நாற்பது நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன். சரி, நல்ல காரியம்தானே என்று வைத்துக்கொண்டேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. வெல்டு ஆறியதும் ஸ்லாக்கைத் தட்டச் சொன்னால் ஒரு மூட்டு விடாமல் தட்டுவான், கிரைண்டர் போட்டு பைப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவான். ஆனால் காலை பத்து மணி ஆனால் ஆளைக் காணோம். "டீ குடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று போவான், வரும்போது பன்னிரண்டு, சில நாள் ஒன்றரை. "எங்கலே போனே?" என்றால், "வீட்டுல ஒரு சோலி அண்ணாச்சி." தினமும் அதே பதில். மூன்றாவது வாரம் ஒரு கல்யாண மண்டபத்து ஷெட்டு வேலை, ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அன்று வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். சனிக்கிழமை கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பணத்தை வாங்கினான், ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அவன் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். பையன் மறுபடி உள்ளே, இந்தத் தடவை பைக் திருட்டு. அப்போதுதான் அவர் சொன்னார்: கோர்ட்டில் ஜாமீன் கொடுக்கும்போது தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன் இருந்ததாம். போனவனை உடனே அனுப்பவும் மாட்டார்களாம். ஐயா வரட்டும், எழுத்தர் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களாம். "சொன்னா நீங்க வேலைக்கு வைக்க மாட்டியன்னு பயந்துட்டான் தம்பி."

அவன் மறுபடி உள்ளே போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது உண்மையாகவும் இருக்காது. ஆனால் அந்தப் பத்தொன்பது நாளும் பத்தரைக்கும் ஒன்பது மணி வேலைக்கும் நடுவில் அவன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தான், முதலாளியான எனக்கு அது தெரியாது என்பது என்னை விடவே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

நாம் எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது: "கையில ஒரு வேலை இருந்தா எவனும் தப்புத்தண்டாவுக்குப் போக மாட்டான்." அவன் அம்மா சொன்னதும் அதுதான், நான் நம்பியதும் அதுதான். அமெரிக்காவில் இதை ஐம்பது வருஷமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனை என்றால், சிறையிலிருந்து வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேலை கொடுத்து, மறு பாதியை வழக்கம்போல விட்டு, அப்புறம் யார் திரும்ப உள்ளே போகிறார்கள் என்று வருஷக்கணக்கில் எண்ணுவது. 1970-களின் பிற்பாதியில் இப்படிப் பெரிய அளவில் ஒன்று நடந்தது. மொத்தமாகப் பார்த்தால் வேலை கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் சோர்ந்து போனார்கள். அதே கணக்கை வெகுகாலம் கழித்து, 2000-ல், கிறிஸ்டோபர் யூகன் என்ற சமூகவியல் அறிஞர் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார். இருபத்தேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்தச் சாதாரண வேலையே மறுபடி தப்பு செய்வதைக் குறைத்திருந்தது, பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்களிடம் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பையனுக்கு இருபது.

இன்னொன்று நியூயார்க்கில் நடந்தது. சிறையிலிருந்து வந்தவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி அரசுக் கட்டடங்களில் கூட்டிப் பெருக்குவது, பெயிண்ட் அடிப்பது மாதிரி தற்காலிக வேலை கொடுக்கிற ஒரு அமைப்பு அங்கே இருக்கிறது. 2004, 2005-ல் 977 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள், மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். வேலைவாய்ப்பு என்ற அளவில் பார்த்தால் முதல் வருஷத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது, அதாவது அந்தத் திட்டத்தால் யாருக்கும் நிரந்தர வேலை அதிகமாகக் கிடைத்துவிடவில்லை. ஆனால் திரும்பச் சிறைக்குப் போவது குறைந்தது, அதுவும் குறிப்பாக யாரிடம் என்றால், விடுதலையாகி மூன்று மாதத்துக்குள் அந்த வேலையில் சேர்ந்தவர்களிடம். தாமதமாக வந்தவர்களிடம் அந்தப் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாரத்தில் நாலு நாள் வேலை, ஒருநாள் அடுத்த வேலை தேடுவதற்கு.

இதைப் படித்துவிட்டு, ஆகா, வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதற்கு அடுத்து 2007, 2008-ல் சிகாகோ, டெட்ராய்ட், மில்வாக்கி, செயின்ட் பால் என்ற நாலு ஊர்களில் இதே மாதிரித் தற்காலிக வேலைத் திட்டத்தை ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். கைது ஆவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆக, வேலை கொடுத்தால் திருந்திவிடுவான் என்பதும் பொய், வேலை கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் பொய். எப்போது கொடுக்கிறோம், எந்த வயதில், வெளியே வந்த எத்தனையாவது நாளில், கூலி எப்போது கைக்கு வருகிறது, நடுவில் அவனை எது எது இழுக்கிறது, இதில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அமெரிக்காவில் 2005-ல் விடுதலையானவர்களை ஒன்பது வருஷம் பின்தொடர்ந்த அரசுக் கணக்கு ஒன்று உண்டு: 44 விழுக்காட்டினர் முதல் வருஷத்திலேயே மறுபடி கைதாகியிருக்கிறார்கள், மூன்று வருஷத்தில் 68, ஒன்பது வருஷத்தில் 83. அந்த முதல் வருஷத்தைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட ஆபத்து அங்கேயே இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். பாளையங்கோட்டை மத்திய சிறை தன்னால் முடிந்ததைச் செய்யாமல் இல்லை. கைதிகளே நின்று பெட்ரோல் போடும் பங்க் நடக்கிறது, நானே பல தடவை அங்கே வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறேன். அளவிலோ மரியாதையிலோ ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே செய்கிற பொருட்களை விற்கச் சிறை அங்காடி இருக்கிறது. இதெல்லாம் நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த வேலைகள் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்கு. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாடு முழுக்க 5,73,220 பேர் உள்ளே, அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். இவர்கள் நாற்பது நாள், எண்பது நாள், குண்டாஸ் போட்டால் ஒரு வருஷம் வரை என்று இருந்துவிட்டு வெளியே வருவார்கள். தையலும் கற்றிருக்க மாட்டார்கள், பேக்கரியும் கற்றிருக்க மாட்டார்கள், கையில் ஒரு ஜாமீன் உத்தரவும் அதில் ஒரு கண்டிஷனும்தான் இருக்கும். சில பேருக்கு வேறு ஊரில் போய்த் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி உத்தரவு இருக்கும். தெரியாத ஊரில் அறை வாடகைக்கு என்ன செய்வான், சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? அப்போது அவனுக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? உள்ளே பழக்கமானவனைத்தான் தெரியும்.

2022-ல் இன்னொருவரை வேலைக்கு எடுத்தேன். தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லி வந்தவர். ஆயுள் கைதி, முன்விடுதலையில் வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். 2009-ல் உள்ளே போனவர். முதல் நாள் மஞ்சப்பையோடு வந்து ஷட்டருக்கு வெளியே நின்றார். "உள்ள வாங்க" என்றேன், வந்தார். "உக்காருங்க" என்றேன், உட்கார்ந்தார். சொல்லாமல் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் குடிக்க என்னிடம் அனுமதி கேட்டார், மூன்று நாளைக்குப் பிறகு நான்தான் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, இங்க எதுக்கும் கேக்க வேண்டாம்" என்று சொன்னேன். அதற்கப்புறமும் ஒரு மாதம் வரை கக்கூஸ் போவதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்.

டீக்கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "அங்க ஒரு அட்டையில கறுப்புக் கறுப்பா கட்டம் போட்டு ஒட்டியிருக்காவ, எல்லாரும் அதுக்கு முன்னால போனைக் காட்டுதாவ, காசே குடுக்கலியே, அது என்ன?" என்று கேட்டார். பதிமூன்று வருஷம். ஆதார் இல்லை, ரேஷன் கார்டில் பெயர் எடுத்தாகிவிட்டது, வங்கிக் கணக்கு இல்லை. உள்ளே தறியில் நெய்யக் கற்றிருந்தார், நல்ல கை. ஆனால் பேட்டையில் எந்தப் பட்டறையில் தறி இருக்கிறது? தொழில் பயிற்சி என்று போடும்போது வெளியே அந்தத் தொழிலுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று யாராவது ஒரு நடை வந்து கேட்டால் என்ன? கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலி, ஷெட்டு, பைப் லைன் என்று வெல்டருக்கு எப்போதும் ஆள் தேவை. ஒரு வெல்டிங் செட்டும் ஆறு மாதமும் இருந்தால் உள்ளேயே ஆளைத் தயார் செய்யலாம். தறியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மனுஷனை நிதானமாக உட்கார வைக்கிறது, அந்த நிதானம் இவரிடம் இருந்தது. பத்து நாளில் ஆர்க்கைப் பிடித்துவிட்டார், ராடு பைப்பில் ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஒரு திருப்புத் திருப்பி எடுப்பார்.

அவர் செய்தது கொலை. அதை நான் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. செத்துப்போனவரின் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் அவர் ஏற மாட்டார், வேலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வருவார். ஒருநாள் கேட்டேன். "அவரு பிள்ளைக என்னப் பாத்துரக் கூடாது அண்ணாச்சி, அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதிய" என்றார். 1998-ல் உச்ச நீதிமன்றம் கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது, அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யுங்கள் என்றும் சேர்த்தே சொன்னது. எனக்கு அது சரியாகப் படுகிறது. வெளியே வந்தவனுக்கு வேலை வேண்டும் என்று பேசும்போது, செத்துப்போனவர் வீட்டில் அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் பேசினால் ஊர் நம் பேச்சைக் கேட்காது, கேட்கவும் கூடாது.

வாடிக்கையாளர் வீட்டுக்கு அளவெடுக்க அவரை அனுப்பலாமா என்பது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. சொல்லிவிட்டு அனுப்பினால் வேண்டாம் என்பார்கள், சொல்லாமல் அனுப்பிப் பிறகு தெரிந்தால் என் தொழில் போய்விடும். அமெரிக்காவில் டேவா பேஜர் என்ற ஆய்வாளர் மில்வாக்கி ஊரில் ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தோற்றம் உள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார், 2003-ல் அதை வெளியிட்டார். சிறைக்குப் போனதாகச் சொல்லாத வெள்ளை இளைஞனை 34 விழுக்காடு இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள், போனதாகச் சொன்னவனை 17. கறுப்பு இளைஞர்களுக்கு அது 14, 5. சிறையே போகாத கறுப்பு இளைஞனைவிட, போய்வந்த வெள்ளை இளைஞனுக்கு அதிக இடங்களில் கதவு திறந்தது. நம் ஊரில் யாராவது இப்படி ஒரு கணக்கு எடுத்தால் நிறத்தின் இடத்தில் என்ன வந்து நிற்கும் என்று திருநெல்வேலிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி எந்த ஊர், எந்தத் தெரு என்பதுதான்.

கடைசியில் அவரிடமே கேட்டேன். "நீங்களும் கூட வாங்க, நான் அளவெடுக்கேன், நீங்க பேசுங்க" என்றார். ஒரு வருஷம் அப்படித்தான் போனோம். இப்போது அவர் தனியாகப் போகிறார், கேட்பவர்களிடம் நான் உண்மையைச் சொல்கிறேன், கேட்காதவர்களிடம் சொல்வதில்லை. இது சரியா தவறா என்று என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம். இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக் கொடுத்து, சாவி வெட்டிக் கொடுக்கிற டிம்ப்சன் என்ற கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, அங்கே வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுக்கிறார்கள்! அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜேம்ஸ் டிம்ப்சனை 2024-ல் சிறைத்துறை அமைச்சராகவே ஆக்கினார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை இது.

பையனின் விஷயம் எங்கள் பட்டறைப் பெரியவருடையதைவிடக் கஷ்டம். ஆயுள் கைதிக்குக் கேஸ் முடிந்துவிட்டது, வாய்தா கிடையாது. ஜாமீனில் வருபவனுக்கு எல்லாம் பாக்கி. மாதம் இரண்டு வாய்தா, கண்டிஷன் கையெழுத்து, தேர்தலோ பெரிய திருவிழாவோ வந்தால் பட்டியலில் பெயர் இருப்பவனைக் கூட்டிப்போய் பாண்டு எழுதி வாங்குவது. ஒருநாள் பட்டறைக்கே ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து, கேட் வாங்க வந்த குடும்பத்தின் முன்னால், பெரிய குரலில் ஒரு ஆளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். விசாரிப்பது அவர் வேலை, நான் மறுக்கவில்லை. போனில் கூப்பிட்டிருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். அந்தக் குடும்பம் திரும்ப வரவில்லை. ஒரு முதலாளி எத்தனை தடவை இதைப் பொறுப்பான்?

இன்னொன்றும் உண்டு, நம் பக்கத்துக்கே உரிய பயம். ஒருவன் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும் என்றால் அது அவனுக்குப் பகையாளிக்கும் தெரியும். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலில், பட்டப்பகலில், அங்கே வந்த ஒருவரை வெட்டிக் கொன்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். பழிக்குப் பழி ஓடுகிற ஊரில், கையெழுத்துப் போடப் போகிறவன் தனியாகப் போக மாட்டான், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் போவான். அந்த நாலு பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். எந்தச் சகவாசத்தை விடச் சொல்கிறோமோ அதே சகவாசத்தை நாமே அவன் கையில் பிடித்துக் கொடுக்கிறோம்.

அதனால் வேலைவாய்ப்புத் திட்டம் என்று யாராவது என்னிடம் வந்து சான்றிதழ், நிறைவு விழா, தையல் மெஷின் என்று பேசினால் நான் கேட்பது ஒன்றுதான்: கையெழுத்து நேரத்தைக் காலை எட்டு மணிக்கோ சாயங்காலம் ஏழு மணிக்கோ மாற்றிக் கேட்டு கோர்ட்டில் மனு போட உங்களிடம் ஆள் இருக்கிறதா? வேலையில் சேர்ந்திருக்கிறான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்டுத்தான் பார்க்க வேண்டும். வாய்தாத் தேதியை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லி, அன்றைக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்ய யாராவது இருக்கிறார்களா? வெளியே வந்த அன்றைக்கே ஆதாருக்கும் கணக்குக்கும் கூட நடக்க ஒருவர் இருக்கிறாரா? நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள், நல்லவர்களாகவும் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் தலையில் எத்தனை பேரைத்தான் கட்டுவது.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தாறு வயது. போன மாதம் மறுபடி ஜாமீனில் வந்தான். இந்தத் தடவை அவன் அம்மா வரவில்லை, நான் போனேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, நான் எல்லோர் முன்னாலும் கத்தியது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று அப்படிப் பேசியது தப்பு என்று அவன் அம்மா முன்னால் சொன்னேன். கண்டிஷன் பேப்பரை வாங்கிப் படித்தேன், அதே பத்தரைதான். வக்கீலிடம் மாற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை அவனுக்கு வேலை நேரம் பன்னிரண்டிலிருந்து எட்டு வரை. காலையில் பெரியவர் அவரது டிவிஎஸ்ஸில் அவனைக் கூட்டிப் போய்க் கையெழுத்து முடியும்வரை வெளியே நின்று கூட்டி வருகிறார். கூலி சனிக்கிழமை இல்லை, அன்றன்றைக்கு, ஷட்டர் இறக்குவதற்கு முன்னால்.

நேற்று ராத்திரி பணத்தை வாங்கி எண்ணி சட்டைப்பையில் வைத்தவன் போகாமல் நின்றான். என்னலே என்றேன். கிரைண்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அண்ணாச்சி, வார இருவத்தெட்டாம் தேதி வாய்தா இருக்கு. லீவு தருவியளா?" என்று கேட்டான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து, இருபத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் அவன் பெயரை எழுதினேன்.